கீழே நின்றவன்

அக்கா, இந்த நாற்காலிக்கு யாரும் வருவாங்களா? வரலைன்னா நான் உட்கார்ந்துக்கிறேன். அந்த வரிசையில் இடம் இருக்கத்தான் செய்யுது. ஆனா தலைக்கு நேர் மேலே சுவிட்ச் போர்டு இருக்கு பாருங்க, அதான்.

சிரிக்கலாம், தப்பில்லை. நான் யாருன்னு தெரிஞ்சா இன்னும் சிரிப்பீங்க. நான் வயர்மேன். பேர் இசக்கிராஜ், அம்பாசமுத்திரம் பக்கம். பத்தொன்பது வருஷமா வீடு வீடா ஒயர் இழுத்துப் பிழைக்கிறவன். டெஸ்டர் கையில் இல்லைன்னா புறங்கையால் லேசாத் தொட்டே கரண்ட் இருக்கா இல்லையான்னு சொல்லிடுவேன். இப்ப எங்க வீட்டில் ஃபேன் போடணும்னா ஒட்டடைக் கம்பை எடுத்து, அது நுனியால் சுவிட்சைத் தட்டுறேன். பதினெட்டு நாளா அப்படித்தான். என் வீட்டுக்காரி முதல் நாள் சிரிச்சா, மூணாம் நாள் திட்டினா, இப்ப அவளே கம்பைக் கொண்டுவந்து என் பக்கத்தில் சாத்தி வச்சிட்டுப் போயிடுறா.

உங்க டோக்கன் என்ன? உங்களுக்கு இல்லையா, வீட்டுக்காரருக்கா? உள்ளே இருக்காரா. சரி சரி, நல்லா இருப்பார். எனக்கு முப்பத்திரண்டு. இப்ப இருபத்தேழு போகுது. நெஞ்சில் ஒயரை மாட்டிப் படம் எடுப்பாங்களாமே, ஈசிஜின்னு, அதுக்கு வந்திருக்கேன். எத்தனை ஒயர் மாட்டுவாங்க, உங்களுக்குத் தெரியுமா? பத்தா? பத்து ஒயரா? அக்கா, அந்த மிஷினில் இருந்து நம்ம உடம்புக்குக் கரண்ட் வருமா, இல்லை நம்ம உடம்பில் இருந்து அது எடுத்துக்கிடுமா? தொழில்காரன், எனக்கே தெரிஞ்சிருக்கணும். தெரியலை. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்து ரெண்டு தடவை திரும்பிப் போயிட்டேன். மூணாவது தடவைதான் உள்ளே காலை வச்சேன்.

சொன்னா என்ன. ஊரில் யார்கிட்டயும் சொல்ல முடியாது. நீங்க முன்னப்பின்ன தெரியாதவங்க. இந்த நாற்காலியை விட்டு எழுந்தா உங்களை நான் பார்க்கப் போறதில்லை.

எங்க பகுதி லைன்மேன், ஆறுமுகநயினார் அண்ணாச்சி, இறந்துட்டார். ஐம்பத்திரண்டு வயசு. காலையில் கம்பத்தில் ஏறினவர் மத்தியானம் இல்லை. ஒரு நாள் படுத்தார், ஒரு மாத்திரை போட்டார்னு கிடையாது. நல்லா இருந்த மனுஷன்.

சொந்தமான்னு கேட்கிறீங்களா? இல்லை. கூட்டாளியான்னு கேட்டா அப்படியும் சொல்ல முடியாது. அவர் கவர்மெண்ட் ஆள், நான் தெருவில் பிழைக்கிறவன். எங்களுக்குள்ள என்னன்னா, அவர் மேலே ஏறுவார், நான் கீழே நிற்பேன். அவ்வளவுதான். ஆனா அதில் எல்லாம் இருக்கு அக்கா. கம்பத்தில் ஏறணும்னா முதலில் டிரான்ஸ்பார்மரில் இருக்கிற பியூஸைப் பிடுங்கித் தெருவுக்கே கரண்டை நிறுத்தணும். பிடுங்கினதை ஒருத்தன் கையில் வச்சுக்கிட்டு, டிரான்ஸ்பார்மர் அடியிலேயே நிற்கணும். இல்லைன்னா எவனாவது, கரண்ட் போச்சேன்னு அவசரக் குடுக்கையா வந்து பியூஸைப் போட்டுடுவான். மேலே இருக்கிற ஆள் கரிக்கட்டை. அவங்க ஆபீஸில் ஆள் இருந்தா ஆள் வரும். இல்லாத அன்னைக்கு என்னைக் கூப்பிடுவார். "இசக்கி நிக்கான்னா நான் மேலே உறங்கவே செய்வேன்டே" என்பார். எத்தனை பேர் மத்தியில் சொல்லியிருக்கார் தெரியுமா? பதினொரு வருஷம். ஒரு நாள் நான் இடத்தை விட்டு அசைஞ்சது கிடையாது. மழையில் நின்னிருக்கேன். கட்டெறும்பு காலில் ஏறிக் கடிச்சுக்கிட்டே இருக்க நின்னிருக்கேன்.

அவர் ஏறுற அழகைப் பார்க்கணும் நீங்க. செருப்பைக் கழற்றி, கோயில் வாசலில் வைக்கிற மாதிரி ஜோடி சேர்த்து வைப்பார். கம்பத்தை ரெண்டு தட்டுத் தட்டுவார். அப்புறம் ஏணியா கம்பமான்னு தெரியாது, அப்படிப் போவார். ஹெல்மெட் போடச் சொன்னா போடமாட்டார், பங்குனி சித்திரையில் மட்டும் போடுவார். ஏன்னா அப்பதான் காக்கா கம்பத்து உச்சியில் கூடு கட்டும், கம்பித் துண்டெல்லாம் பொறுக்கிவந்து. அதால லைன் மோதிக்கிடும். கூட்டைக் கலைக்கணும். மத்தவங்க தட்டிவிட்டுட்டுப் போயிடுவாங்க. அண்ணாச்சி அதை அப்படியே குஞ்சோட தோள்பையில் வச்சு இறக்கி, பக்கத்து வேப்பமரத்தில் ஏறி வைப்பார். கூட்டைக் காப்பாத்தி வைக்கிற ஆளையேதான் காக்கா கொத்தும். "ஷாக்குக்குப் பயப்படமாட்டேம்டே, இந்தக் கருவாச்சிகளுக்குத்தான் பயம்" என்பார்.

இன்னொண்ணு. கரண்ட் போச்சுன்னு போன் பண்ணின வீட்டுக்கு, சரிபண்ணினதும் அவரே போன் போடுவார். "வந்துட்டா?" என்பார். அந்த வீட்டில் "வந்துட்டு அண்ணாச்சி"ன்னு சொல்ற வரைக்கும் போனை வைக்கமாட்டார். யார் செய்வா இதை?

நான் எங்க அப்பா இறந்ததுக்குக்கூட இப்படி ஆகலை.

ஆங், பயத்தைச் சொல்ல வந்தேன். அவர் இறந்தது சனிக்கிழமை. உங்க ஊரில் உண்டா தெரியலை, எங்க பக்கம் சனிக்கிழமை ஒருத்தர் இறந்தா பாடையில் ஒரு கோழியைக் கட்டி அனுப்புவாங்க. துணைக்கு. கட்டலைன்னா அவர் வேற யாரையாவது துணைக்குக் கூப்பிட்டுக்கிடுவார்னு. உண்டா? அப்ப உங்களுக்குத் தெரியும். போஸ்ட்மார்ட்டம் முடிச்சு உடம்பு கைக்கு வரவே ஞாயிறு ஆயிட்டு. தூக்குறது ஞாயித்துக்கிழமைதானே, கோழி எதுக்குன்னு சிலர் கேட்டாங்க. உயிர் போனது என்னைக்கோ அதுதான் கணக்குன்னு சொல்லி ஒரு சேவல் குஞ்சைக் கொண்டுவந்தாங்க. கட்டினது நான்தான். நானாக் கேட்டு வாங்கிக் கட்டினேன். நான் ஒரு முடிச்சுப் போட்டா பத்து வருஷம் கழிச்சு வெட்டித்தான் எடுக்கணும். அப்படிப்பட்ட கை. வாய்க்கால் பாலம் தாண்டினதும் வேட்டுப் போட்டாங்க. அது ஒரு உதறு உதறிச்சு. முடிச்சு கழண்டுட்டு. வாழைத் தோட்டத்துக்குள்ள ஓடிட்டு.

பின்பக்கம் தோள் கொடுத்துப் போனவன் நான், நான் மட்டும்தான் பார்த்தேன். வாயைத் திறக்கலை. சுடுகாட்டில் கோழி எங்கேன்னு கேட்டதுக்கு, அங்கே உள்ள ஆள் எடுத்துக்கிட்டார்னு சொல்லிட்டேன். கோழி பிழைச்சுட்டு. அப்ப துணைக்கு யாரு? கடைசியா அவர்கூட இருந்தவன் யாரு? இந்தா, இந்த இடது கை. மறுநாள் காலையில் இருந்து பதினோரு மணி ஆனா மரத்துப் போகுது. தோளில் இருந்து சுண்டுவிரல் வரைக்கும். அவருக்கும் இடது கைதான் முதலில்.

என்ன அக்கா? ஒண்ணுமில்லையா? தண்ணி வேணுமா? முகம் ஒரு மாதிரி இருக்கு.

அன்னைக்கு நடந்ததைச் சொல்றேன், கேளுங்க. மேட்டுத்தெருவில் லைட் மங்கலா எரியுதுன்னு ரெண்டு நாளாப் புகார். பத்தரை மணிக்கு வந்தார். பியூஸைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். மூணாவது கம்பத்தில் ஏறி, கருகிப்போன ஒயரை மாத்தினார். இறங்கினார். இறங்கினவர் செருப்பைப் போடலை. அப்படியே நடந்து டிரான்ஸ்பார்மர் வேலிக் கல்லில் வந்து உட்கார்ந்தார். இடது கையைத் தேய்ச்சுக்கிட்டே, "ஏல இசக்கி, கை மரத்துப்போன மாதிரி இருக்குடே. நெஞ்சில ஆள் ஏறி உட்கார்ந்த மாதிரி கனமா இருக்கு"ன்னார்.

எனக்கு உடனே புரிஞ்சுட்டு. ரிட்டன். ரிட்டன்னா என்னன்னு கேட்பீங்க. நாம தெருவுக்கு நிறுத்திடுறோம், சரிதானா. ஒருத்தன் வீட்டில் இன்வெர்ட்டரைத் தப்பா மாட்டி வச்சிருந்தான்னா, அந்தக் கரண்ட் வீட்டுக்குள்ள இருந்து தலைகீழாப் புறப்பட்டு கம்பத்துக்கு ஏறி வந்திடும். பியூஸ் நம்ம கையில் இருக்கும், மேலே கம்பியில் கரண்ட் ஓடும். எத்தனை லைன்மேன் அதில் போயிருக்காங்க. எங்க தொழிலில் இருக்கிறவனுக்குக் கை மரத்துச்சுன்னா முதலில் அதுதான் தோணும். யாருக்கும் அதுதான் தோணும்.

எனக்கு ரத்தம் கொதிச்சுட்டு. அண்ணாச்சி மேலேயே கை வச்சுட்டானா எவனோ? பியூஸை அவர் மடியில் வச்சேன். "ஆளைப் பிடிச்சு இழுத்துட்டு வாரேன் அண்ணாச்சி, இங்கேயே இருங்க"ன்னு சொல்லிட்டு ஓடினேன். மேட்டுத்தெருவில் இன்வெர்ட்டர் உள்ள வீடு ஏழு. ஏழையும் பார்த்தேன். கடைசியில் தெய்வநாயகம்னு ஒருத்தன், ஜெராக்ஸ் கடை வச்சிருக்கான். கடைக்குள்ள போய்ப் பார்த்தா அலமாரி மேலே இன்வெர்ட்டர் இருக்கு. என் கண்ணால் பார்த்தேன். அவன்தான். அவன் கடைக்கு நான்தான் ஒயரிங் பண்ணியிருக்கணும், கடைசி நேரத்தில் கல்லிடைக்குறிச்சி ஆளுக்குக் கொடுத்துட்டான். அது பழைய கதை, அது வேற இது வேற. ஆனா நான் பண்ணியிருந்தா ரிட்டன் வந்திருக்குமா?

சட்டையைப் பிடிச்சுத் தெருவில் இழுத்துக்கிட்டு வந்தேன். "ஏல, பார்றா, நீ யாரை அடிச்சிருக்கேன்னு பார்றா"ன்னு கத்திக்கிட்டே வந்தேன். தெருவே பின்னால் வந்துச்சு. வந்து பார்த்தா.

அவர் உட்கார்ந்தபடியே இருந்தார். மடியில் பியூஸ். ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தார்.

அந்தத் தெய்வநாயகம் ஓடிப்போய் அவரைக் கீழே படுக்க வச்சு, நெஞ்சைப் போட்டு அமுக்கி, வாயில் வாய் வச்சு ஊதி என்னவெல்லாமோ பண்ணினான். எல்லாம் நடிப்பு. மாட்டிக்கிட்டோம்னு தெரிஞ்சா எவனும் பண்ணுவான்.

அழாதீங்க அக்கா. பாருங்க, நீங்க அவரைப் பார்த்ததுகூட இல்லை, உங்களுக்கே கண்ணில் தண்ணி வருது. அதான் அண்ணாச்சி.

அவர் வீட்டுக்கு நான் போனது அன்னைக்குத்தான் முதல் தடவை. பதினொரு வருஷத்தில் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை, நேரம் இருந்திருக்காது. அவர் மனைவி, மதினி, என்னைப் பார்த்து "நீங்க யாரு தம்பி?"ன்னு கேட்டாங்க. இசக்கின்னு சொன்னேன். எந்த இசக்கின்னாங்க. துக்கத்தில் இருக்கிறவங்களுக்கு எந்தப் பேர் நினைவில் நிற்கும்? ஒரு வாரமா மச்சுப்படி ஏறினாலே மூச்சு வாங்குதுன்னு சொல்லிக்கிட்டிருந்தாராம். அதையே சொல்லிச் சொல்லி அழுறாங்க. முப்பதடிக் கம்பம் ஏறுறவருக்கு மச்சுப்படி ஒரு பொருட்டா? எதையாவது சொல்லணும்னு சொல்றதுதான்.

போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் இன்னும் கைக்கு வரலை. ஊருக்கு ரிப்போர்ட் எதுக்கு? ஜெராக்ஸ் கடைக் கண்ணாடியைப் பத்தாம் நாளே உடைச்சுட்டாங்க. தெய்வநாயகம் பெண்டாட்டி பிள்ளையோட மாமியார் வீட்டுக்குப் போயிட்டான். நாளைக்குக் காலையில் நான் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கணும், ரிட்டன் அவன் கடையில் இருந்துதான் வந்ததுன்னு. நான் சொன்னா அதுதான் பேச்சு, நான்தானே கூட இருந்தது. தெருவே நாளைக்காகக் காத்திருக்கு. அதுக்கு நான் உயிரோட இருக்கணுமே, அதான் இன்னைக்கே வந்தேன்.

எவ்வளவு நேரம்னா? எது, நான் ஆளைத் தேடிப் போயிட்டு வந்ததா? பத்து நிமிஷம் இருக்கும். ஏழு வீடு... சரி, அரைமணி வச்சுக்கோங்க. எதுக்குக் கேட்கிறீங்க?

என்ன சொன்னீங்க?

அப்படியா. உங்க வீட்டுக்காரருக்கும் இடது கையா. எப்ப, நேத்தா. அவர் கரண்ட் வேலையா பார்க்கிறார்? இல்லையா. பலசரக்குக் கடையா.

...

இல்லை, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். வாய்வுன்னுதான் அவரும் சொன்னாரா. நீங்க கேட்கலை. பக்கத்து வீட்டு லோடு ஆட்டோவில் தூக்கிப் போட்டுக் கொண்டுவந்துட்டீங்க. ஒரு மணி நேரத்துக்குள்ள வந்ததால் பிழைச்சார், இன்னும் அரைமணி போயிருந்தா எங்க கையில் இல்லைன்னு டாக்டர் சொன்னாரா.

நல்லது. நல்லது அக்கா. உங்க வீட்டுக்காரருக்கு வந்தது வேற, அண்ணாச்சிக்கு வந்தது வேற. அது ஹார்ட்டு, இது ரிட்டன்.

முப்பத்திரண்டா? கூப்பிட்டுட்டாங்க. என் பையைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க. பத்து ஒயர்னுதானே சொன்னீங்க.

*

முடிஞ்சுட்டு.

சட்டை பட்டன் மாறிப் போச்சா? ஆமா, போட முடியலை. நெஞ்சில் பச்சைத் தண்ணி மாதிரி எதையோ தடவி ரப்பர் மூடியா ஒட்டினாங்க. கையில் ரெண்டு, காலில் ரெண்டு கிளிப். நான் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். அந்தப் பொண்ணு, சின்னப் பொண்ணு, "அண்ணே, கையை விடுங்க"ன்னு சொல்லிச்சு. பார்த்தா அதோட கையைப் பிடிச்சு வச்சிருக்கேன். அப்படியே பிடிச்சுக்கிட்டே இருந்திருக்கேன்.

இந்தா இருக்கு காகிதம். டாக்டரும் பார்த்துட்டார். ஒண்ணுமில்லையாம். உன் நெஞ்சு கல்லு மாதிரி இருக்கு, போய்ச் சாப்பிடுன்னார். இன்னொரு தடவை எடுத்துப் பாருங்க சார்னு கேட்டேன். எதுக்குன்னார். கை மரத்துப் போகுதேன்னு சொன்னேன். என்ன விஷயம்னு கேட்டார். அண்ணாச்சியைப் பத்திச் சொன்னேன், உங்ககிட்ட சொன்ன மாதிரிதான். அவர் பேனாவை மூடி வச்சுட்டு, "கை மரத்து, நெஞ்சு கனத்து, வேர்த்துச்சா அவருக்கு?"ன்னு கேட்டார். வேர்த்துச்சுன்னேன். சட்டை நனைஞ்சு முதுகில் ஒட்டியிருந்துச்சு. "ஷாக்கடிச்சா தூக்கி எறியும், இல்லை பிடிச்சு இழுக்கும். பொறுமையாக் கம்பத்தில் இருந்து இறங்கி, நடந்து வந்து உட்கார வைக்காதுப்பா"ன்னார். அடுத்த ஆளைக் கூப்பிடச் சொல்லிட்டார்.

எனக்கு ஒண்ணுமில்லைன்னா சந்தோஷப்படணும்தானே. ஆனா பயம் கூடிப் போச்சு அக்கா. உள்ளே போகும்போது இருந்ததைவிட இப்ப ஜாஸ்தி. இந்தக் காகிதத்தில் கோணலா ஒரு கோடாவது இருக்கக் கூடாதா? இருந்தா, சரி, நமக்கும் வந்துட்டு, அவர் கூப்பிடுறார்னு போயிடலாம். ஒண்ணுமே இல்லையே.

கொஞ்ச நேரம் உட்காரட்டுமா? உங்க வீட்டுக்காரரை வார்டுக்கு மாத்தப் போறாங்கன்னு நர்ஸ் சொல்லிட்டுப் போச்சே, நீங்க போகணும். அது வரைக்கும்.

அரைமணின்னு சொன்னேன்லா. அரைமணி இல்லை. அன்னைக்குப் பதினோரு மணிச் சங்கு ஊதினதும்தான் நான் கிளம்பினேன். திரும்பி வரும்போது பள்ளிக்கூடத்து வேன் பிள்ளைகளை இறக்கிக்கிட்டு நிற்குது. சனிக்கிழமை அரைநாள், பன்னிரண்டேகாலுக்குத்தான் வரும்.

அப்ப ஒரு மணி நேரத்துக்கு மேலே.

அப்புறம், ரிட்டன்னு நான் சொன்னதும் அண்ணாச்சி என்ன சொன்னார் தெரியுமா? "ரிட்டன்னா சுள்ளுன்னு இழுக்கும்லாடே. இது அப்படி இல்லை"ன்னார். அவரே சொன்னார். முப்பது வருஷம் கம்பத்தில் இருந்தவர் சொல்றார், நான் "உங்களுக்குத் தெரியாது அண்ணாச்சி, மெதுவாவும் வரும்"னு சொல்றேன். அவருக்குத் தெரியாதாம். அப்புறம் சொன்னார், "வண்டியை நீ ஓட்டுதியா இசக்கி, ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வந்திருவோம்"னார். பதினொரு வருஷத்தில் என்னை அவர் கூட வான்னு கூப்பிட்டது அது ஒண்ணுதான். சாவியை நீட்டினார். நான் வாங்கலை. "உங்களுக்கு ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி, நீங்க யாரு! முதலில் அவனைப் பிடிக்கணும்"னு சொன்னேன். அவருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நான் நிஜமாவே நம்பினேன் அக்கா. மத்தவங்களுக்கு வர்றதெல்லாம் அவருக்கு வரும்னு எனக்குத் தோணவே இல்லை. சிரிச்சார். பியூஸைக் கொடுன்னு கையை நீட்டினார். "நீ போறதுன்னா நான் நிக்கேன்"னார். அவர் எனக்காக நின்னார், நான் போயிட்டேன்.

அந்தக் கோழி கதையைத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கிட்டு அலையுறேன். என் வீட்டுக்காரிக்குத் தெரியும், என் மச்சினனுக்குத் தெரியும், இப்ப உங்களுக்கும் தெரியும். சாவி நீட்டின கதையை இன்னைக்குத்தான் வாயைத் திறந்து சொல்றேன்.

இன்னும் ஒண்ணு இருக்கு. இதையும் சொல்லிடுறேன், இல்லைன்னா எழுந்திருக்க முடியாது.

ஜெராக்ஸ் கடையில் அலமாரி மேலே இன்வெர்ட்டர் இருந்துச்சு. கீழே பேட்டரி இருக்கணும். பேட்டரி இருந்த இடத்தில் தூசி படியாம சதுரமா ஒரு தடம் இருந்துச்சு. பேட்டரி இல்லை. ரெண்டு ஒயர் சும்மா தொங்கிக்கிட்டு இருந்துச்சு. தெய்வநாயகம் சொல்லத்தான் செஞ்சார், "சார்ஜ் நிக்கலைன்னு பேட்டரியை வியாழக்கிழமையே ரிப்பேருக்குக் கொடுத்துட்டேன், வயர்மேன், நீங்களே பாருங்க"ன்னு. பார்த்தேன். பேட்டரி இல்லாத இன்வெர்ட்டர் வெறும் டப்பா. தெருவில் போற பிள்ளைக்குக்கூட அது தெரியும். எனக்குத் தெரியாதா? ஆனா அதுதான் ஏழாவது இடம். அதையும் விட்டா அப்புறம் யார் இருக்கா? வெறுங்கையோட போய் அண்ணாச்சி முன்னால் எப்படி நிற்பேன்? யாராவது ஒருத்தர் வேணும்னு சட்டையைப் பிடிச்சேன்.

அவர் நடிக்கலை அக்கா. அண்ணாச்சியைப் பார்த்ததும் என் கையை உதறிட்டு ஓடினார். படுக்க வச்சார். "ஆட்டோவைக் கூப்பிடுங்க, ஆட்டோவைக் கூப்பிடுங்க"ன்னு கத்தினது அவர். அமுக்கி அமுக்கி அவருக்கு மூச்சு வாங்குது, வேர்வை அண்ணாச்சி முகத்தில் சொட்டுது, விடலை. நாங்க இத்தனை பேர் சுத்தி நிற்கிறோம். நான் நின்னேன். நிற்கிறது மட்டும்தானே எனக்குத் தெரிஞ்ச வேலை.

தெய்வநாயகம் போன் போட்டுக்கிட்டே இருந்தார் இத்தனை நாளா. நான் எடுக்கலை. அவர் பேர் வந்தா போனைத் தலையணைக்கு அடியில் வச்சிடுவேன். முந்தாநாளில் இருந்து வரலை. அவர் கூப்பிடுறதை விட்டுட்டார். அதுதான் எனக்கு இன்னும் பயமா இருக்கு. கண்ணாடியை உடைச்ச பயலுக அவர் மாமியார் வீடு எந்த ஊர்னு விசாரிச்சுக்கிட்டிருந்தாங்க. நான் நாளைக்கு எழுதிக் கொடுத்ததும் கிளம்புவாங்க.

எழுதிக் கொடுக்காம இருந்தா போதுமான்னு நினைச்சுப் பார்த்தேன். உடம்பு சரியில்லைன்னு இங்கேயே ஒரு பெட்டில் படுத்துக்கிடலாம்னு. அதுக்குத்தான் வந்தேனோ என்னவோ. படுக்க வைக்கமாட்டேன்னுட்டாங்க. கல்லு மாதிரி இருக்காம்.

அக்கா, உங்களுக்கு நேரமாகுது. ஒண்ணே ஒண்ணு. இந்தப் போனைக் கொஞ்சம் பிடிச்சுக்கிடுறீங்களா? நானா அந்தப் பேரை அமுக்கமாட்டேன். தெய்வநாயகம் ஜெராக்ஸ்னு இருக்கும். ஆங், அதான். அமுக்குங்க. ஸ்பீக்கர் வேண்டாம், என் காதில் வையுங்க. அடிக்குது.

எடுக்கலைன்னா நல்லதுன்னு தோணுது. பாருங்க, இப்பவும்.

அடிக்குது.

எடுத்துட்டாங்க. யாரோ பிள்ளை. பாப்பா, அப்பாகிட்ட கொடும்மா. யாரா? வயர்மேன்னு சொல்லு. இல்லை, திட்டுறதுக்கு இல்லைம்மா. அப்பாகிட்ட கொடு.

...

அண்ணாச்சி, நான் இசக்கிராஜ். போனை வச்சிடாதீங்க. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம், நான் சொல்றதை மட்டும் கேளுங்க. நாளைக்கு ஸ்டேஷனுக்கு நீங்களும் வரணும், நான் வந்து கூட்டிட்டுப் போறேன், பஸ் வேண்டாம், என் வண்டியிலேயே போவோம். பேட்டரி இல்லைங்கிறதை நான் அன்னைக்கே பார்த்தேன் அண்ணாச்சி. பார்த்துட்டுத்தான் உங்க சட்டையைப் பிடிச்சேன்.